பாப்பாவின் அரைப் புள்ளி

மே 9, 2025, வெள்ளி

பத்து வயதுக்குட்பட்டோர் செஸ் போட்டி. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். முதல் ரவுண்டில் பாப்பா சுலபமாக ஜெயித்துவிட்டாள்.

இரண்டாவதில் தோல்வி. தோற்க வேண்டிய ஆட்டமே இல்லை அது. இவள் ராணியால் செக் கொடுக்க, அந்தப் பையன் ராஜாவை இங்கும் அங்கும் நகர்த்த, அதே நிலை மூன்றாவது முறை வரப்போகிறது. அப்படி வந்தால் டிரா கேட்கலாம் என்று பாப்பாவுக்குத் தெரியும். ஆனால் ராணியை வைத்து, கடிகாரத்தை அமுக்கிவிட்டு, அப்புறம் கையைத் தூக்கியிருக்கிறாள். "இப்போ உன் முறை இல்லையேம்மா" என்றாராம் நடுவர். அந்தப் படபடப்பில் செக்கை விட்டுவிட்டு வேறெங்கோ போய் மேட் வாங்கியிருக்கிறாள்.

நடுவர் சொன்னது சரிதான். ஆடப்போகும் நகர்த்தலைத் தாளில் எழுதிவிட்டு, காயைத் தொடாமல் அவரைக் கூப்பிட வேண்டும். இதை நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

மே 10, சனி

ஒரு வெற்றி, ஒரு தோல்வி. ராத்திரி தூங்குவதற்கு முன் எழுதுவது, பேனாவை வைப்பது, கை தூக்குவது என்று மூன்று தடவை பழகினோம். நான்தான் நடுவர்.

மே 11, ஞாயிறு

ஐந்தாவது ரவுண்டு. எதிரில் இவளைவிட ரேட்டிங்கில், அதாவது ஆட்டத் திறனுக்கான புள்ளிக் கணக்கில், 300 கூடுதலான பையன். பலகை ஜன்னலோரம் இருந்ததால் கம்பி வழியாகத் தெரிந்தது.

அவனிடம் யானையும் ஒரு சிப்பாயும். இவளிடம் யானை மட்டும். ராஜாவைச் சிப்பாய்க்கு எதிரே நிறுத்தி, தன் பக்கத்து மூன்றாவது வரிசையில் யானையைக் குறுக்கே வைத்து அவன் ராஜாவை ஏறவிடாமல் தடுத்தாள். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்தால்தான் யானை மறுகோடிக்கு ஓடி, பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். ஃபிலிடோர் என்ற பிரெஞ்சு செஸ் மேதை 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய வழி.

பையன் விடவில்லை. போன டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம் டிராதான் என்று எல்லோரும் நினைத்தபோது அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையைத் தவறாக வைக்க, குகேஷ் உலகச் சாம்பியன் ஆனாரே. அதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் எப்படி விடுவார்கள்? எனக்கு அவனையும் பிடித்துப்போனது.

யானை இடமும் வலமுமாகப் போய் வந்தது. மறுபடியும் அதே நிலை மூன்றாவது முறை வரப்போகிறது. சட்டென்று பாப்பா நிமிர்ந்து, தாளில் முந்தைய வரிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். எழுதினாள். பேனாவை வைத்தாள். கடிகாரத்தை நிறுத்தினாள். இடது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வலது கையைத் தூக்கினாள்.

நடுவர் தாளை வரிவரியாகச் சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினார். அரைப் புள்ளி.

தாளின் கடைசி வரியில் அவள் எழுதிய நகர்த்தல் பலகையில் ஆடப்படவே இல்லை. அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.