ஐபி தேர்வும் அப்பச்சியின் இரண்டு விலாசங்களும்

உளவுத்துறையில் எப்படிச் சேர்வது என்று கேட்கும் பையன்களில் பாதிப் பேர் வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். அதற்கு விளம்பரம் வரும் என்று காத்திருந்தால் வயதுதான் ஏறும். 1968-இல் ஐபி எனும் இன்டெலிஜென்ஸ் பீரோவிலிருந்து பிரிந்து உருவான அந்த அமைப்பு பெரும்பாலும் ஏற்கெனவே அரசுப் பணிக்குள் இருப்பவர்களிலிருந்தே ஆள் எடுக்கிறது. பட்டம் வாங்கிய கையோடு வெளியிலிருந்து விண்ணப்பிக்கக்கூடியது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் உள்நாட்டு உளவு அமைப்பான ஐபி. அதில் பணிநியமனக் கடிதம் வரும்வரை போனேன், சேரவில்லை. சேர்ந்திருந்தால் இதை எழுதியிருக்க முடியாது. அங்கே வேலை பார்ப்பவர்கள் அனுமதியின்றிப் பத்திரிகைக்கு எழுதுவதையும் சங்கம் சேர்வதையும் தடுக்க 1985-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

நான் எழுதியது 2023 இறுதியில் 995 இடங்களுக்கு அறிவிப்பு வந்த ஏசிஐஓ கிரேடு 2, அதாவது உதவி மத்திய உளவு அதிகாரி தேர்வு. வயது வரம்பு 27. பொதுப் பிரிவினருக்குச் சலுகை கிடையாது. முதல் கட்டம் 100 கேள்விகள், ஒரு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். வங்கித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்பதால் நானும் அதைப் பற்றி நீட்டப்போவதில்லை. உளவாளி பயிற்சி என்று சுவரொட்டி ஒட்டிக் காசு வாங்கும் ஒரு பயிற்சி மையத்துக்கு மட்டும் போய்விட வேண்டாம். கறுப்புக் கண்ணாடி போட்ட படத்தைத் தவிர அங்கே விசேஷமாக எதையும் நான் காணவில்லை.

இரண்டாம் கட்டம்தான் என் பார்வையில் அந்த வேலைக்கு மிக அருகில் இருப்பது. நான் எழுதியபோது 50 மதிப்பெண்ணுக்கு ஆங்கிலத்தில் கட்டுரையும் சுருக்கி எழுதுதலும். நீளமான ஒன்றைப் படித்து, மேலதிகாரி இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்ளும்படி எழுதத் தெரிகிறதா என்று பார்த்தார்கள். காரைக்குடியில் நூலகத்தில் உட்கார்ந்து ஆங்கில நாளிதழின் தலையங்கங்களை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து எழுதிப் பழகினேன். என் கருத்தைக் கலக்காமல் எழுதுவதுதான் கடினமாக இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதையும் கருத்துச் சொல்லாமல் கடந்து போகத் தெரியாது.

நேர்முகத் தேர்வு சென்னையில், 100 மதிப்பெண்ணுக்கு. செட்டிநாடு என்றதும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்துப் போனேன். அவர்கள் உண்டியலைப் பற்றி, அதாவது அந்தக் காலப் பணச்சீட்டைப் பற்றிக் கேட்டார்கள். உங்கள் முன்னோர் பர்மாவிலும் மலாயாவிலும் உண்டியல் வைத்துப் பணம் மாற்றினார்களே, அதற்கும் ஹவாலாவுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர். வீட்டில் ஐயாவின் (தாத்தாவின்) பழைய பேரேடுகளைப் புரட்டியது அன்று கைகொடுத்தது. கண்டவுடன் பணம் தர வேண்டிய தர்சன உண்டியல், கெடு வைத்த தவணை உண்டியல், இரண்டுமே எழுத்துச் சீட்டுகள். யாருடைய விலாசத்தில், அதாவது எந்தக் குடும்பத்தின் முன்னெழுத்தில், யாருக்கு என்று கணக்கில் ஏறும். ஹவாலா நடப்பதே அந்தத் தடம் இருக்கக் கூடாது என்பதற்காக என்றேன். அவர் விடவில்லை. அப்படியானால் வரி ஏய்த்த செட்டியாரே இல்லையா என்றார். இருந்திருப்பார்கள், ஆனால் அவர்கள் மாட்டியதும் கணக்கு எழுதியதால்தான் என்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பட்டியலில் பெயர் வந்த பிறகுதான் உண்மையான தேர்வு தொடங்கியது: சரிபார்ப்புப் படிவம். பெற்றோர், உடன்பிறந்தோர் ஒவ்வொருவரின் முழுப்பெயர், பிறந்த இடம், குடியுரிமை, முகவரி; ஐந்தாண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய இடங்கள்; எப்போதாவது கைது, வழக்கு உண்டா; உங்களை அறிந்த இரண்டு பொறுப்பான மனிதர்கள். மறைத்தால் தகுதியிழப்பு என்று படிவத்தின் தலையிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

அப்பச்சி, அதாவது என் அப்பா, பிறந்தது ரங்கூனில். 1964-இல் கப்பலில் கைக்குழந்தையாக வந்தவர். அதை எழுதினால் சந்தேகப்படுவார்கள், காரைக்குடி என்றே போடு என்று அறிவுரை சொல்ல நாலு பேர் வந்தார்கள். ரங்கூன் என்றே எழுதினேன். அதனால் ஒரு தொல்லையும் வரவில்லை.

தொல்லை வந்தது விலாசத்தில், பெயருக்கு முன் போடும் எழுத்துகளில். அப்பச்சி பிள்ளை கூட்டப்பட்டவர், அதாவது வேறு வீட்டுக்குத் தத்துப் போனவர். பள்ளிச் சான்றிதழில் பிறந்த வீட்டின் முன்னெழுத்துகள், நிலப் பட்டாவிலும் என் பிறப்புச் சான்றிதழிலும் கூட்டிய வீட்டினுடையவை. ஊருக்குள் இது எல்லாருக்கும் தெரிந்த சாதாரணச் சங்கதி. டில்லியில் காகிதம் பார்ப்பவருக்கு இது இரண்டு ஆள். சுவீகாரப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்து, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரமும் வாங்கி இணைத்தேன். "என் கலியாணத்துக்குக்கூட இத்தனை காகிதம் கேட்கவில்லை" என்றார் அப்பச்சி.

அடுத்தது விசாரணை. தனிப்பிரிவுக் காவலர் ஒருவர் தெருவுக்கு வந்தார். அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும். வலப்பக்கத்து வீட்டுக்காரர்கள் சென்னையில், இடப்பக்கத்துக்காரர்கள் கோலாலம்பூரில். கலியாணம், சாந்தி (அறுபதாம் கலியாணம்) என்றால்தான் இரண்டு கதவும் திறக்கும். எதிரே இருப்பதோ ஒரு வீட்டின் பின்கட்டு, ஏனென்றால் எங்கள் வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அந்தத் தெருவில் முடியும். கடைசியில் வலப்பக்கத்து வீட்டைக் காவல் காக்கும் பெரியவர்தான் எனக்குச் சாட்சி. இருபது வருடம் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பவர். நான் எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன் என்பதுகூட அவருக்குத் தெரியும். ஐபி எடுக்க வேண்டியது அவரைத்தான்.

பிறகு நீண்ட மௌனம். எப்போது கடிதம் வரும் என்று யாரிடமும் கேட்க முடியாது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அப்பத்தா மட்டும் பிள்ளையார் நோன்பன்று இழை எடுக்கும் சடங்குக்கு வந்தவர்களிடம் பேரன் ரகசிய வேலைக்குப் போகிறான், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

நியமனக் கடிதம் வந்தபோது வருமானவரித் துறைப் பட்டியலிலும் என் பெயர் இருந்தது. இரண்டுக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றே, 44,900 ரூபாய். ஐபியில் அடிப்படைச் சம்பளத்தில் 20 விழுக்காடு சிறப்புப் பாதுகாப்புப் படி கூடுதல். அந்தப் படியை விட்டுக்கொடுத்து வரித்துறைக்குப் போனேன். வாழ்நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டிருக்கும் குணம் எனக்கில்லை என்பது அந்த மௌன மாதங்களிலேயே தெரிந்துவிட்டது.

பத்தாம் வகுப்புத் தகுதிக்கும் ஐபியில் இடம் உண்டு. செக்யூரிட்டி அசிஸ்டென்ட் பணிக்கு 2025-இல் 4,987 இடங்கள் அறிவித்தார்கள். அதில் உள்ளூர் மொழி தெரிந்திருக்க வேண்டும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்க்கச் சொல்வார்கள். என் பெரியப்பச்சி மகன் அதற்குத்தான் தயாராகிறான். அவனுடைய அப்பச்சியும் கூட்டிய பிள்ளைதான். கேள்வித்தாள் புத்தகம் வாங்கும் முன் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வா என்று அவனை அனுப்பியிருக்கிறேன்.