கப்பலில் முதல் நாள்: கேத்தலை வீட்டிலேயே விட்டுப் போங்கள்

அட்டன் பக்கத்திலிருந்து யாராவது சிங்கப்பூர் போய்ச் சொகுசுக் கப்பல் ஏறுவதாக இருந்தால், முதலில் பெட்டியைத் திறந்து மின்கேத்தலை வெளியே எடுத்து வையுங்கள். "அறையில் சுடுதண்ணீர் இராது, கேத்தல் ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள்" என்று எங்களுக்குச் சொன்னவர், டிக்கெட் போட்டுத் தந்த முகவர். அவருடைய புண்ணியத்தில் முதல் நாளின் பாதி வீணாய்ப் போனது.

கட்டுநாயக்க, விமானம், சிங்கப்பூர்க் குடிவரவு எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே விசா கேட்பதில்லை. போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பினால் போதும். அது இலவசம். எங்கள் முகவர் அதற்கும் பணம் எடுத்திருந்தார். கப்பலில் திரும்பி வரும்போது அதை மறுபடி நிரப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. பினாங்கில் நிற்கும் கப்பல் என்றால் மலேசிய விசாவையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

மரினா பே முனையத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு, பிறகு அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். என் பெட்டி வந்தது, தங்கையின் பெட்டி வந்தது. அம்மாவின் பெட்டியைக் காணோம். அவருடைய பிரஷர் குளிசை அதற்குள்தான் இருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினிப் பக்கம் திரும்பாமலே "வரும், காத்திருங்கள்" என்றார். மறுபடி போனால் இன்னொருவர் அதையே இன்னும் இனிமையாகச் சொன்னார். குளிசை என்றதும் மருத்துவ நிலையத்தைக் காட்டினார். அங்கே கதவைத் திறந்தாலே கட்டணம். ஊர் நேரத்துக்கும் சிங்கப்பூர் நேரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம் என்பதால், குளிசை போடும் நேரம் தாண்டிவிட்டதா இல்லையா என்ற கணக்கு வேறு.

இதற்கிடையில் பாதுகாப்பு ஒத்திகை. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். 2012இல் இத்தாலியக் கரையோரம் கொஸ்டா கொன்கோர்டியா கப்பல் சாய்ந்து 32 பேர் இறந்த பிறகு விதி இறுகிவிட்டது. கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகையை முடித்தாக வேண்டும். நியாயம்தான். அன்றைக்கு எனக்கு இருந்த எரிச்சலில் அந்த நியாயம் ஏறவில்லை.

ஆனால் வழி அங்கேதான் கிடைத்தது. அட்டையைச் சரிபார்த்த ஊழியர் தமிழர். "பெட்டியில் கேத்தல், அயர்ன் ஏதாவது இருக்கிறதா அக்கா? கீழே பாதுகாப்பு அறைக்குப் போய்ப் பாருங்கள்" என்றார். வரவேற்பில் இருந்தவர்களுக்கு இந்த ஒரு வரி வாயில் வரவில்லையே!

அந்த அறையில் ஒரு சந்தையே வைக்கலாம்: அயர்ன்கள், சோறு சமைக்கும் மின்குக்கர்கள், நீட்டு வயர்கள். சூடாக்கும் மின்சாதனம் எதுவானாலும் தீ அபாயம் என்று பிடித்து வைக்கிறார்கள். அம்மாவைக் கொண்டே பெட்டியைத் திறக்கச் செய்தார்கள். சேலைகளுக்கு அடியில் துவாயில் சுற்றிய கேத்தல், அதன் வயிற்றுக்குள் குளிசைப் பை, பக்கத்தில் ஒரு கிலோ தேயிலை. அதிகாரி தேயிலைப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தார். கேத்தலுக்கு ரசீது எழுதினார்.

சுடுதண்ணீருக்குப் பஞ்சமே இல்லை, உணவுக்கூடத்தில் வேண்டிய மட்டும் பிடிக்கலாம். அங்கிருந்த தேயிலைப் பையைப் பிய்த்துப் பார்த்த அம்மா, "தேயிலை ஸ்டோரில் கூட்டித் தள்ளும் தூளையா கட்டி வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு, தன் தேயிலையையும் வடியையும் எடுத்தார். பக்கத்து மேசைக்காரர்களும் பிளேன்டீக்குக் கோப்பையை நீட்டினார்கள்.

நீங்கள் போகும்போது குளிசை, கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடை மூன்றையும் கைப்பையில் வையுங்கள். கரை மறையுமுன் தொலைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். கடலில் செயற்கைக்கோள் இணைப்புக்கு வரும் பில் பயங்கரம். கேத்தலைக் கொண்டுபோய்ப் பறிகொடுத்திருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், இறங்கும் நாளில் அதைக் காட்டினால்தான் திருப்பித் தருவார்கள்.