டேப்போடு கார் பார்க்கப் போன கதை

வெளிநாட்டில் குடியேறிய புதிதில் எங்களுக்கு ஒரு சின்ன ஹேட்ச்பேக் போதுமாக இருந்தது. சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகவும், இடுக்கான பார்க்கிங்கில் நிறுத்தவும் அதைவிடத் தோதான வண்டி இல்லை. மகள் பிறந்ததும்தான் சிக்கல். ஸ்ட்ரோலரை மடித்து வைத்தால் டிக்கியில் ஒரு பைக்குக்கூட இடமில்லை. பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை சீட்டைப் பொருத்தியதும் முன்சீட்டை நகர்த்த வேண்டி வந்தது. மனைவி டேஷ்போர்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வந்தார்.

நண்பர்கள் எல்லோரும் கிராஸ்ஓவர், அதாவது எஸ்யூவி மாதிரி உயர்த்திக் கட்டிய கார், வாங்கச் சொன்னார்கள். பனி பெய்கிற இடம், உயரமான வண்டி வேண்டும், நாலு சக்கரத்தையும் எஞ்சின் சுழற்றும் ஆல் வீல் டிரைவ் வேண்டும் என்றார்கள். ஸ்டேஷன் வேகன், அதாவது கூரை பின்பக்கம் வரை நீண்டு டிக்கியும் நீளமாக இருக்கும் கார், என்ற பேச்சே யார் வாயிலும் வரவில்லை. எனக்கும் இங்கே வந்த பிறகுதான் அப்படி ஒரு வண்டி கண்ணில் பட்டது.

சரி என்று ஸ்ட்ரோலரையும் ஒரு அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வண்டிகளின் விவரப் புத்தகத்தில் எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஹேட்ச்பேக்குக்கு 381 லிட்டர், நிசான் காஷ்காய் கிராஸ்ஓவருக்கு 504, ஸ்கோடா ஆக்டேவியா வேகனுக்கு 640 என்று டிக்கி அளவு இருந்தது. ஐரோப்பாவில் 20 × 10 × 5 செ.மீ. கட்டைகளை அடுக்கி இதை அளப்பார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். ஆனால் கிராஸ்ஓவரில் அந்த இடத்தில் ஒரு பகுதி மேல்நோக்கிப் போய்விடுகிறது. பெட்டிமேல் பெட்டி அடுக்கினால் பின்கண்ணாடி மறைந்துவிடும். வேகனில் டிக்கியின் தரை நீளம். ஸ்ட்ரோலரைப் படுக்கப் போட்டு, பக்கத்திலேயே இரண்டு பெட்டிகளை வைத்தோம். டிக்கியின் விளிம்பும் தாழ்வு என்பதால் கனமான பெட்டியை இடுப்புக்கு மேல் தூக்க வேண்டியதில்லை.

பனியைப் பற்றித்தான் புதிதாக வருகிறவர்களிடம் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆல் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பவும் மேடு ஏற்றவும் உதவும். நிறுத்த உதவாது, பிரேக் எல்லாக் கார்களிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. நண்பர் ஒருவரின் கிராஸ்ஓவர் முதல் பனியன்று இறக்கத்தில் சறுக்கிக்கொண்டே சந்திப்பைத் தாண்டிப் போய் நின்றது. எதிரே வண்டி வராதது அதிர்ஷ்டம். அவர் கோடை டயரில் ஓட்டிக்கொண்டிருந்தார். 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். குளிர்கால டயர் வாங்கும்போது, பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் கொண்ட அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். சேறு, பனி என்பதைக் குறிக்கும் எம் பிளஸ் எஸ் (M+S) என்ற எழுத்து மட்டும் போதாது.

வண்டியின் அடிப்பாகத்துக்கும் சாலைக்கும் நடுவே உள்ள தரை இடைவெளி வேறு விஷயம். பனி அள்ளாத கிராமச் சாலையில் தினமும் போகிறவர்களுக்கு அது உண்மையிலேயே வேண்டும். அவர்களுக்கும் வேகன் உண்டு. சுபாரு அவுட்பேக் 1990களின் நடுவிலிருந்து 2025 மாடல் வரை உயர்த்திக் கட்டிய வேகனாகவே வந்தது. அதன் பிந்தைய மாடல்களில் இடைவெளி 20 செ.மீ.க்கு மேல். எங்களுடையது தினமும் பனி அள்ளுகிற நகரச் சாலை. அப்புறம் நெடுஞ்சாலைப் பயணம் அதிகம். அந்த வேகத்தில் உயரமான வண்டி காற்றைக் கூடுதலாகக் கிழிக்க வேண்டும், எரிபொருளும் கூடுதலாகப் போகும். வேகனையே வாங்கினோம்.

அம்மா வந்தபோதுதான் கிராஸ்ஓவரின் அருமை தெரிந்தது. மூட்டு வலிக்காரர். கிராஸ்ஓவர் சீட் இடுப்பு உயரத்தில் இருக்கும். பக்கவாட்டில் நகர்ந்தாலே உட்கார்ந்துவிடலாம். எங்கள் வண்டியில் அவர் கீழே இறங்கி உட்கார வேண்டியிருந்தது, எழும்போது கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பெற்றோர் கூடவே வசிக்கிற வீடாக இருந்தால் நான் யோசிக்காமல் கிராஸ்ஓவரைத்தான் சொல்வேன். இரண்டாம் வாரம்தான் முன்சீட்டை உயர்த்தும் நெம்புகோல் என் நினைவுக்கு வந்தது. முழுக்க ஏற்றியதும் கை கொடுக்காமலே இறங்கினார். அடுத்த முறை சீட்டை அந்த உயரத்தில் வைத்துவிட்டுத்தான் விமான நிலையத்துக்குக் கிளம்புவேன்.