ரெஜிபோம் சத்தத்தை மறிக்காது

முல்லைத்தீவுக் கரையில பழைய பைபர் போட் ஒண்டைத் திருத்துகினம். இண்டைக்கு எஞ்சின் சத்தத்தைக் குறைக்க எண்டு எஞ்சின் பெட்டிக்குள்ள ரெஜிபோம் (வெள்ளைப் பொலிஸ்டைரீன் போம்) ஒட்டினவை.

பொலியஸ்டர் ரெசின் பட்ட இடமெல்லாம் அது கரைஞ்சு குழியாப் போச்சு.

ரெசினுக்குள்ள இருக்கிற ஸ்டைரீன் எண்ட கரைப்பான் செய்யிற வேலை. கரையாட்டிலும் பிரயோசனமில்லை. ஐஸ் பெட்டிக்கு ரெஜிபோம் பரவாயில்லை. சத்தத்தை மறிக்கப் பாரம் வேணும்.

சுவரில முதல் 25 மில்லிமீற்றர் போம், லேசில தீப்பிடிக்காத வகை. அதுக்கு மேல சதுர மீற்றருக்கு 5 கிலோ அளவில வாற பாரமான வைனில் சீற். பிறகு இன்னொரு போம், எஞ்சின் பக்கம் அலுமினியத் தாள். தாள் கிழிஞ்சா டீசல் ஊறும். ஊறின போம் தீப்பந்தம்தான்.

பசையை மட்டும் நம்பாதேங்கோ, சூட்டில இளகும். அகல வாசர் போட்டு ஸ்குரூ அடியுங்கோ.

பரப்பில நூற்றுக்கு ஒரு பங்கு திறந்து கிடந்தாலே, எவ்வளவு தடிப்பாப் போட்டாலும் சத்தம் 20 டெசிபலுக்கு மேல குறையாது. மூடி விளிம்புக்கு றப்பர் கட்டாயம்.

அதுக்காகக் காத்தை அடைக்கக்கூடாது, எஞ்சின் மூச்சு முட்டும். உள்ளுக்குப் போம் ஒட்டின வளைஞ்ச குழாயால விடலாம்.

உண்மையில இதெல்லாத்துக்கும் முதல் பாக்கவேண்டியது எஞ்சின் மவுண்ட், எஞ்சினைத் தாங்கிற றப்பர் கால். எண்ணெய் ஊறி நசிஞ்ச றப்பரால அதிர்வு நேரா போட்டின்ர உடலுக்குள்ள இறங்கும். எந்தப் போமும் அதை நிப்பாட்டாது.

மவுண்ட் மாத்தினா ஷாப்ற் (புரொப்பெல்லரைச் சுத்திற தண்டு) எஞ்சினோட நேரா இருக்கோ எண்டும் பாக்கோணும். ரெண்டையும் இணைக்கிற கப்ளிங் 4 அங்குல விட்டம் எண்டா, அதின்ர ரெண்டு முகத்துக்கும் இடையில இடைவெளி வித்தியாசம் 0.1 மில்லிமீற்றருக்குள்ள இருக்கோணும். அதையும் போட்டைத் தண்ணியில இறக்கினாப் பிறகு பாருங்கோ, கரையில ஏத்தி வைக்கேக்க உடல் கொஞ்சம் வளையும்.