பால்டிக் கடலைக் காரில் சுற்றிவர

உணவு மேசையில் வரைபடத்தை விரித்து, மனைவியின் தையல் நூலை ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து எஸ்டோனியாவின் தாலின் வரை வளைத்து வைத்துப் பார்த்தபோதுதான், எங்கள் பயணத்தின் நாள்களைத் தீர்மானிக்கப்போவது சாலைகளல்ல, கப்பல்களே என்பது புரிந்தது. ஜெர்மனியின் புட்கார்டனிலிருந்து டென்மார்க்கின் ரோட்பிக்கு 45 நிமிடம், அதே நாட்டின் ஹெல்சிங்கோரிலிருந்து சுவீடனுக்கு 20 நிமிடம்; இவ்விரண்டும் அடிக்கடி புறப்படுவதால் கவலையில்லை.

ஸ்டாக்ஹோமிலிருந்து பின்லாந்தின் துர்க்குவுக்குச் செல்லும் இரவுக் கப்பல் அப்படியன்று. படுக்கையறையையும் காருக்கான இடத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். காரின் நீளத்தோடு உயரத்தையும் குறிப்பிட வேண்டியிருப்பதால், கூரைமேல் பெட்டி வைப்பதா என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். கப்பல் ஓடும்போது கார்த்தளத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பதால், அம்மாவின் மருந்துகளையும் மாற்றுடைகளையும் தனிப்பையில் வைக்கத் திட்டமிட்டிருக்கிறோம். ஹெல்சிங்கியிலிருந்து தாலினுக்கு இரண்டு மணி நேரம்தான்.

வாடகைக் காரை எல்லை கடந்து ஓட்டவும் கப்பலில் ஏற்றவும் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியை முதலில் பெற வேண்டும்; காப்புறுதி கடலிலும் செல்லுமா என்று கேட்பது அதைவிட முக்கியம். சிங்கப்பூரிலிருந்து உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைக் கடந்து மலேசியாவுக்குச் சென்றாலும் இடப்பக்கமே ஓட்டிப் பழகிய நான், அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். டென்மார்க், சுவீடன், பின்லாந்து, எஸ்டோனியா ஆகிய நாடுகளில் பகலிலும் கார் விளக்குகளை எரியவிட வேண்டும். அதனால் முதல் நாள் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்று வீட்டில் உறுதியளித்திருக்கிறேன்.