உடைந்த பேரரசுகள், தபால்தலை ஆல்பத்தில்: 1918–1923, இதுவரை முடிந்த தாள்கள்

முதல் உலகப்போரின் முடிவைத் தபால்தலைகளால் காட்டும் இந்த ஆல்பத்தில் ஹங்கேரி, பவேரியா, எந்த நாட்டோடு சேர்வது என்று மக்கள் வாக்களித்த வாக்கெடுப்புப் பகுதிகள் மூன்றும் முடிந்துவிட்டன. ரஷ்யப் பகுதி பாதியில் நிற்கிறது. ஒட்டோமான் பகுதிக்குத் தாள் மட்டும் வெட்டி வைத்திருக்கிறது.

கேட்லாக்கில் உள்ள நாட்டு வரிசையில் அடுக்கினால் இந்தக் காலம் புரியாது. ஆஸ்திரியா ஒரு மூலையில், செக்கோஸ்லோவாக்கியா இன்னொரு மூலையில் என்று சிதறிப்போகும். அதனால் அடிப்படைத் தலையை வைத்து அடுக்குவதே முறை: பழைய அரசு அச்சடித்த ஒரே தலை, அதன்மேல் அடுத்தடுத்து வந்தவர்கள் போட்ட மேலச்சு, அதாவது ஓவர்பிரிண்ட். புரட்சி நடந்த மறுநாள் தபால் நிலையத்தில் இருப்பது மன்னர் காலத்துத் தலைகள்தான். புதுத் தகடு செதுக்கி அச்சடிக்க வாரக்கணக்காகும். இருக்கிற தாளின்மேல் நான்கு எழுத்து அடிக்க உள்ளூர் அச்சகம் போதும். எந்த அரசு எத்தனை அவசரத்தில் இருந்தது என்பதை மேலச்சின் தரமே சொல்லிவிடும்.

தாள்: ஏ4, 170 ஜிஎஸ்எம், அமிலமில்லாதது. இடது ஓரம் 2.5 செ.மீ. ரிங் பைண்டருக்கு. ஒரு தாளுக்கு 12 முதல் 16 தலை, ஒரு ஆட்சிக்கு ஒரு வரிசை. தலைப்பு எழுதுவது பென்சிலில். பால்பாயிண்ட் மை நாளடைவில் எதிர்த்தாளுக்கு இறங்கும்.

ஹங்கேரியிலிருந்து தொடங்குவது நல்லது. விலை குறைவு, கதை முழுமை. அடிப்படைத் தலை 1916இல் வந்த அறுவடைக்காரர் படம். உயர் மதிப்புகளில் புடாபெஸ்ட் நாடாளுமன்றம். கீழே ‘மக்யார் கிர். போஷ்டா’, அரச ஹங்கேரியத் தபால், என்று இருக்கும். ஓரத் துளை 15 (2 செ.மீ. நீளத்தில்), நீர்க்குறி, அதாவது காகிதத்துக்குள்ளேயே பதிந்த அடையாளம், இரட்டைச் சிலுவை. முதல் வரிசையில் மேலச்சில்லாத தலை. இரண்டாவதில் ‘கோஸ்தார்ஷசாக்’, குடியரசு, மேலச்சு. 1918 நவம்பர் 16இல் அறிவித்த குடியரசு இது. மூன்றாவதில் ‘கிர்’ நீங்கி ‘மக்யார் போஷ்டா’ என்று மட்டும் அச்சான 1919 தலைகள். நான்காவது கம்யூனிஸ்ட் தலைவர் பேலா குன்னின் சோவியத் குடியரசு: மார்க்ஸ், எங்கெல்ஸ், பெத்தோஃபி, மார்த்தினோவிச், தோஷா ஐவரின் படத்தோடு தனித்தொகுதி, கூடவே அறுவடைக்காரர்மேல் ‘தனாச்கோஸ்தார்ஷசாக்’, சோவியத் குடியரசு, மேலச்சு. அந்த ஆட்சி மார்ச் 21 முதல் ஆகஸ்ட் 1 வரை, 133 நாள் இருந்தது. ஐந்தாவதில், 1920 தொடக்கத்தில், அதே சோவியத் மேலச்சின்மேல் கோதுமைக் கதிர்க்கட்டு அச்சு: மிஞ்சிய சரக்கை வீணாக்காமல் பழைய பெயரை மறைத்து விற்றார்கள். ஆறாவதில் ‘மக்யார் கிர். போஷ்டா’ திரும்பி வருகிறது. மன்னரில்லாத முடியரசு அது, ஹோர்த்தி ஆட்சிப் பொறுப்பாளர். 1920 ஜூன் 4இல் திரியானோன் ஒப்பந்தம் நாட்டின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்ட பிறகும் தலையில் அறுவடைக்காரர் மாறவில்லை.

பக்கத்திலேயே ஆக்கிரமிப்புத் தாள் ஒன்று வேண்டும். அராதில் பிரெஞ்சுக்காரர், டெப்ரெசெனிலும் கோலோஷ்வாரிலும் ருமேனியர், பரான்யாவில் செர்பியர், செகெடில் புரட்சிக்கு எதிரான ஹங்கேரிய அரசு. எல்லாரும் 1919இல் இதே தலையின்மேல் தங்கள் பெயரை அடித்தார்கள். திரியானோனுக்கு ஓராண்டு முன்பே நாடு துண்டாடப்படுவது தபால் நிலையங்களில் தொடங்கிவிட்டதை இந்தத் தாள் காட்டும்.

போலி மிகுந்திருப்பதும் இந்தத் தாளில்தான். அடிப்படைத் தலை சல்லிக்காசு, மேலச்சு போட்டால் பல மடங்கு விலை; அப்புறம் கேட்க வேண்டுமா? புறஊதா விளக்கு இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். இங்கே அது அநேகமாக உதவாது, ஏனென்றால் தலையும் காகிதமும் உண்மையானவை, எழுத்து மட்டுமே போலி. 365 நானோமீட்டர் விளக்கு ஒட்டுப்போட்ட மூலையையும் புதிதாகத் தடவிய பசையையும் காட்டும், அவ்வளவுதான். மேலச்சைச் சோதிக்க வேறு வழி. முதலில் 30 மடங்கு லென்ஸில், பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஈய எழுத்து அழுத்திய அச்சில் எழுத்தோரம் மை பிதுங்கிச் சிறு விளிம்பு கட்டியிருக்கும், தலையின் பின்புறம் லேசான புடைப்பு தெரியும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கணினி அச்சு. அடுத்து முத்திரை: அஞ்சல் முத்திரையின் மை மேலச்சுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால், பழைய முத்திரையிட்ட தலையில் பின்னாளில் யாரோ எழுத்து அடித்திருக்கிறார்கள். முத்திரையின் தேதி மேலச்சு வெளியான நாளுக்கு முந்தியதாக இருந்தாலும் அதே முடிவுதான். கடைசியாக அளவு: 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, நிபுணர் சான்றுள்ள மாதிரியின் படத்தைப் பாதி ஒளிபுகும்படி மேலே வைத்துப் பொருத்திப் பார்ப்பது. எழுத்தின் உயரத்திலோ வரி இடைவெளியிலோ 0.2 மி.மீ. பிசகினாலே சந்தேகப்படலாம். சான்றில்லாத அராத், டெப்ரெசென் தலைகளுக்குப் பெரிய விலை கொடுப்பது வீண்.

நீர்க்குறி பார்க்கச் சுத்திகரித்த பெட்ரோலியம் பென்சின் இரண்டு சொட்டு, கறுப்புத் தட்டில். பசையை அது கரைக்காது. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் ஊதுவத்தியும் இல்லாத அறையில் செய்ய வேண்டும். போட்டோகிராவூர், அதாவது படத்தைத் தகட்டில் பள்ளமாகப் பொறித்து அச்சடிக்கும் முறையில் அச்சான தலைகளில் மை கசியலாம், மலிவான ஒன்றில் முதலில் சோதிக்கவும்.

அந்த எச்சரிக்கை அடுத்த பகுதிக்கு நேராகவே பொருந்தும். பவேரிய மன்னர் மூன்றாம் லுட்விக்கின் 1914 தலைகள் போட்டோகிராவூரில் வந்தவை. 1918 நவம்பர் 7 இரவில் மன்னர் மியூனிக்கை விட்டு ஓடினார். முகம் தலையிலேயே இருந்தது. மேலே ‘ஃபோல்க்ஸ்ஷ்டாட் பயர்ன்’, பவேரிய மக்கள் அரசு, பிறகு ‘ஃப்ரைஷ்டாட் பயர்ன்’, பவேரிய சுதந்திர அரசு. 1920 ஏப்ரலில் பவேரியத் தபால் பெர்லினோடு சேர்ந்தபோது, பவேரியாவின் கடைசித் தலைகள்மேல் ‘டாய்ச்சஸ் ரைஷ்’, ஜெர்மன் அரசு. நான்கு வரிசையில் தாள் முடிந்தது. இதே லுட்விக் ‘சார்’ என்ற பிரெஞ்சு மேலச்சோடும் கிடைப்பார்: சார் பகுதியில் ஒரு துண்டு பவேரியாவுக்குச் சொந்தமாயிருந்தது. அதன் உயர் மதிப்புகளிலும் போலி தாராளம்.

வாக்கெடுப்புத் தாள்களுக்கு அடிப்படை பெரும்பாலும் ஜெர்மானியா தலை, ஜெர்மனியைப் பெண்ணாக உருவகித்த படம் கொண்டது. வெர்சாய் ஒப்பந்தத்தின் விதி எண்ணையே தபால்தலையில் அச்சடித்த இடம் கிழக்குப் பிரஷ்யாவின் ஆலன்ஷ்டைன்: முட்டை வடிவ வளையத்துக்குள் ‘வெர்சாய் ஒப்பந்தம், விதி 94, 95’ என்று பிரெஞ்சில். இந்த ஆல்பத்தில் ஒரே ஒரு தலைதான் வாங்க முடியும் என்றால் அதையே வாங்கலாம். ஒவ்வொரு வரிசைக்கும் கீழே வாக்கெடுப்பு நாளும் முடிவும் பென்சிலில்: ஆலன்ஷ்டைன் 1920 ஜூலை 11, 97 சதவீதத்துக்கு மேல் ஜெர்மனி பக்கம், ஷ்லெஸ்விக் வடக்கு மண்டலம் 1920 பிப்ரவரி 10, டென்மார்க், மேல் சிலேசியா 1921 மார்ச் 20, ஏறக்குறைய 60 சதவீதம் ஜெர்மனிக்கு விழுந்தும் பகுதி இரண்டானது. ஜெர்மனியிலிருந்து பிரிக்கப்பட்ட டான்சிக், மேமல் இரண்டிலும் வாக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த வரிசைகளின் கீழே இடம் காலியாகவே இருக்கட்டும்.

ரஷ்யப் பகுதியில் ஒட்டும் முறையே மாறுகிறது, பார்க்க வேண்டியது பின்புறம் என்பதால். ஜார் மன்னர்களின் ரோமனோவ் வம்ச முந்நூறாண்டுத் தலைகளின் 10, 15, 20 கோபெக் வகைகளைப் போர்க்காலத்தில் அட்டையில் அச்சடித்துச் சில்லறையாகப் புழங்கவிட்டார்கள். வெள்ளிச் சில்லறைக்கு இணை என்ற வாசகம் பின்னால் இருக்கிறது. உக்ரைன் 1918இல் ஷாஹ் என்ற தன் நாணய மதிப்புத் தலைகளை அதே போல அட்டைப் பணமாகவும் வெளியிட்டது. லாத்வியாவின் முதல் தலை, 1918 டிசம்பரின் 5 கோபெக், ஜெர்மன் ராணுவ வரைபடங்களின் பின்பக்கத்தில் அச்சானது. காகிதம் கிடைக்காத தேசம் கிடைத்ததில் அடித்தது. தலையின் பின்னால் ஒட்டும் சிறு பசைக் காகிதமான ஹிஞ்ச் ஒட்டினால் இவை எல்லாம் மறைந்துவிடும். இருபுறமும் ஒளிபுகும் மவுண்டில், அதாவது பிளாஸ்டிக் உறையில் வைத்து, தாளில் அந்த அளவுக்கு ஜன்னல் வெட்டுவதே வழி. லாத்விய வரைபடத் தலையில் இரண்டு வாங்கி, ஒன்றைப் புரட்டி வைப்பது இன்னும் எளிது. ஆறும் ஊர்ப்பெயரும் விழுந்த துண்டுக்கு விலை கூடுதல். வெறும் வெள்ளையாக வந்தது மலிவு. உக்ரைனின் திரிசூல மேலச்சுகள் இன்னும் தொடவில்லை. கீவ், ஒடேசா, கார்கிவ், பொல்தாவா என்று ஊருக்கொரு முத்திரை, போலியும் ஊருக்கொன்று. சான்றோடு கிடைக்கும்வரை அந்த வரிசை காத்திருக்கும்.

நம் ஊர்க் காற்றுக்கு ஒரு குறிப்பு. கடலோர ஈரத்தில் பசை இளகி மவுண்டோடு ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளியும் விழும். ஆல்பத்தை நிமிர்த்தி நிறுத்தி வைக்கவும், படுக்கப்போட்டு அடுக்க வேண்டாம். அலமாரியில் சிலிகா ஜெல் 50 கிராம் பொட்டலங்கள். நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்ப வைக்கலாம். பிவிசி உறை எந்தத் தலைக்கும் ஆகாது, அதிலிருந்து கசியும் பொருள் மையை இழுத்துவிடும்.

ஒட்டோமான் பகுதிக்குத் திட்டம் இது: முத்ரோஸ் போர்நிறுத்தம் 1918 அக்டோபர் 30 முதல் வரிசை, லோசான் ஒப்பந்தம் 1923 ஜூலை 24 கடைசி வரிசை. இடையில் நேசநாடுகளின் மேற்குத் திரேஸ் நிர்வாகம் பல்கேரியத் தலைகளில் அடித்த மேலச்சு, பாலஸ்தீனத்தின் ‘ஈ.ஈ.எஃப்.’ (எகிப்தியப் படையெடுப்புப் படை), மோசூலில் துருக்கிய வரித்தலைமேல் அடித்த ‘ஐ.இ.எஃப். டி’. கடைசியாகச் சொன்னது மெசொப்பொத்தேமியாவுக்குப் போன இந்தியப் படையின் பெயர். துருக்கிய தேசியவாதிகளின் அங்காரா அரசின் தலைகள் பழைய வரித்தலைகளில் அரபு எழுத்து மேலச்சோடு வருகின்றன, ஆண்டு ரூமி என்ற ஒட்டோமான் நாட்காட்டிக் கணக்கில் இருக்கும். 584 கூட்டினால் நம் ஆண்டு: 1336 என்றால் 1920. அரபு எண்களில் 2, 3, 6 மூன்றும் கைமுத்திரையில் மங்கினால் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே விற்பவர் தரும் படத்தை மட்டும் நம்பாமல் 1200 டிபிஐ ஸ்கேன் கேட்டு வாங்கவும்.