கடைக்கு மேல் வீடு, கவுன்சில் டாக்ஸ் யார் கட்டுவது?

வங்கியில் என் மனைவிக்குக் கணக்கு தொடங்கப் போனபோது முகவரிச் சான்று கேட்டார்கள். ‘கவுன்சில் டாக்ஸ் பில் இருந்தால் போதும்’ என்றார் கவுன்டரில் இருந்தவர். லண்டனின் கிழக்கு ஓரத்தில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே ஒன்றரை வருடமாகக் குடியிருந்தேன். கவுன்சில் டாக்ஸ் என்பது இங்கே உள்ளாட்சி மன்றமான கவுன்சில் வீடுகளுக்குப் போடும் வரி. அப்படி ஒரு பில்லை நான் பார்த்ததே இல்லை. இது 2023 நவம்பரில்.

வேறு காகிதங்களைக் காட்டிக் கணக்கைத் தொடங்கிவிட்டோம். ஆனால் மனது கேட்கவில்லை. மறுநாள் கவுன்சிலுக்குப் போன் செய்து, எங்கள் முகவரிக்கு ஒரு பில் நகல் வேண்டும் என்றேன். அந்தப் பெண் அஞ்சல் குறியீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘கடை இருக்கிறது, மேலே வீடு என்று எதுவும் எங்கள் பட்டியலில் இல்லையே’ என்றார். அங்கேதான் ஆரம்பித்தது எல்லாம்.

‘நீ எதுக்குப் போன் பண்ணினே?’ என்று நண்பர்கள் இன்றும் கேட்கிறார்கள். நான் பண்ணாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் கழித்து இதைவிடப் பெரிய தொகையாக வந்திருக்கும். பில் அனுப்பத் தாமதமானது என்பதற்காகக் கடன் கரைந்துவிடாது.

சரி, முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழக்கே அதில்தான் இருக்கிறது. கட்டடம் முழுவதையும் நீண்ட குத்தகைக்கு எடுத்திருப்பவர் கீழே கடை நடத்தும் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். மாடி முன்பு கடையின் சரக்கு அறையாக இருந்தது. அவர் அதில் இரண்டு அறை, சமையலறை, குளியலறை என்று தடுத்து, பின்பக்கச் சந்திலிருந்து ஏறுவதற்கு ஓர் இரும்புப் படிக்கட்டும் வைத்தார். 2022 ஜூன் 11 அன்று நான் குடிவந்தபோது பின் அறை எனக்கு, முன் அறை வேறொரு பையனுக்கு. சமையலறை பொது. வாடகையைப் பற்றிப் பேசும்போது அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: ‘தம்பி, கரண்ட், தண்ணி, கவுன்சில் டாக்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான். நீர் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம்.’ அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருந்தார்.

நானும் யோசிக்கவில்லை. நம் ஊரில் சொத்து வரி வீட்டுக்காரர் தலையில்தான் விழும், அரையாண்டுக்கு ஒருமுறை அவர் போய்க் கட்டிவிட்டு வருவார். குடியிருப்பவருக்கு அது எவ்வளவு என்றுகூடத் தெரியாது. கவுன்சில் டாக்ஸும் அதே மாதிரிதான் என்று நினைத்தேன். அப்படி இல்லை. இங்கே முதலில் பார்ப்பது அங்கே யார் குடியிருக்கிறார் என்பதை.

கவுன்சில் ஒரு படிவம் அனுப்பியது. அதை நிரப்பியதும் விஷயம் வேல்யுவேஷன் ஆபீஸ் ஏஜென்சிக்குப் போனது. ஒரு வீடு எந்த பேண்டில், அதாவது எந்த வரிப் படியில் வரும் என்று அப்போது முடிவு செய்தது அவர்கள்தான், கவுன்சில் இல்லை. ஒருவர் நேரில் வந்தார். தனி வாசல், சமையலறைத் தொட்டி, குளியலறை மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். ஜனவரியில் கடிதம் வந்தது: மாடி தனி வீடு, பேண்ட் பி. இங்கிலாந்தில் பேண்ட் என்பது 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற கணக்கு. 40,000 பவுண்டுக்கு மேல், 52,000 பவுண்டுக்குள் என்றால் பி. இன்றைய விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அக்கம்பக்கத்துக் கடைகளின் மாடி வீடுகளை அரசு இணையதளத்தில் தேடிப் பார்த்தேன், அவையும் பி. புதிதாக வரி கட்டுபவர் ஆறு மாதத்துக்குள் பேண்டை எதிர்த்துக் கேட்கலாம், ஆனால் எனக்கு அதில் கேட்க ஒன்றும் இல்லை.

அப்புறம் மார்ச்சில் பில் வந்தது. குடிவந்த நாளிலிருந்து 2024 மார்ச் 31 வரை, என் பெயரில், 2,466 பவுண்ட்.

கடைக்கு இறங்கிப் போனேன். அண்ணன் கல்லாவில் இருந்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. ‘நான் ரேட்ஸ் கட்டுறன்தானே தம்பி, பிறகு மேலுக்கும் ஏன் கேக்கிறாங்கள்?’ அவர் ஏமாற்றவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தார். அவர் கட்டியது பிசினஸ் ரேட்ஸ், வணிக இடங்களுக்கான வரி. அது கடைக்கும், சரக்கு அறையாக இருந்தபோது மாடிக்கும் பொருந்தியது. மனிதர் குடியேறி அது வீடாகிவிட்டால் அந்தப் பகுதி கவுன்சில் டாக்ஸுக்குள் வந்துவிடும். இரண்டும் வேறு வேறு வரி. கடைக்கு மேல் குடியிருப்பவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

கவுன்சிலுக்குப் போன் செய்து, வாடகையில் வரியும் சேர்த்தி, ஓனரிடம், அதாவது அண்ணனிடம் கேளுங்கள் என்றேன். வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது என்றும் சொன்னேன். அவர்கள் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்கள். அது எனக்கும் ஓனருக்கும் இடையிலான பேச்சு, அது கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது. 1992 உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வீட்டிலேயே வசிக்கும் சொந்தக்காரர், அடுத்து வசிக்கும் குத்தகைக்காரர், அடுத்து வசிக்கும் வாடகைக்காரர், அனுமதியின் பேரில் வசிப்பவர், சும்மா வசிப்பவர், கடைசியில்தான் அங்கே வசிக்காத ஓனர். மேலிருந்து இறங்கி வரும்போது முதலில் யார் பொருந்துகிறாரோ அவர் கட்ட வேண்டும். அண்ணன் அங்கே வசிக்கவில்லை. நான் வசிக்கிறேன்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. தவணை தவறினால் நினைவூட்டல், அப்புறம் முழுத் தொகையையும் உடனே கேட்பது, அப்புறம் மாஜிஸ்திரேட் கோர்ட் சம்மன், அதற்கும் மேலே கடனை வசூலிக்க வீட்டுக்கே வரும் பெய்லிஃப் என்று இணையத்தில் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இருந்தேன். விசாவில் இருப்பவனுக்கு கோர்ட் என்ற சொல்லே போதும், வயிறு கலங்கிவிடும்.

வழி காட்டியது சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பில் இருந்த ஒரு பெரியவர். நான் பில்லை நீட்டினேன். அவர் பில்லைப் பார்க்கவில்லை, ‘உன் முதல் அக்ரிமென்ட் எங்கே?’ என்றார். அது ஒரே ஒரு தாள், கடையில் விற்கும் அச்சுப் படிவம். முகவரி எழுதும் கோட்டுக்குப் பக்கத்தில், அண்ணன் நீல மையில் ‘பின் அறை, முதல் மாடி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. பெரியவர் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, ‘முன் அறைக்காரனுக்குத் தனி அக்ரிமென்டா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். ‘அப்படியானால் அந்த மாதங்களுக்கு நீ பொறுப்பு இல்லை’ என்றார்.

விஷயம் இதுதான். ஒரே குடும்பமாக இல்லாத ஆட்கள், ஆளுக்கொரு அறை என்று வீட்டின் ஒரு பகுதியை மட்டும் தனித்தனியாக வாடகைக்கு எடுத்து இருந்தால், கவுன்சில் டாக்ஸைப் பொறுத்தவரை அது எச்.எம்.ஓ., அதாவது பல குடித்தன வீடு. 1992-ஆம் ஆண்டின் ஓனர் பொறுப்பு விதிகளில் அதற்கு கிளாஸ் சி என்று பெயர். அங்கே மேலே சொன்ன வரிசை செல்லாது, ஓனரே கட்ட வேண்டும். அக்ரிமென்டில் அவர் என்ன எழுதியிருந்தாலும் சரி. முன்பெல்லாம் இப்படிப்பட்ட வீடுகளில் சில இடங்களில் ஒவ்வோர் அறைக்கும் தனி பேண்ட் போட்டு வாடகைக்காரரிடமே வாங்கிவந்தார்கள். இங்கிலாந்தில் 2023 டிசம்பர் 1 முதல் அதுவும் மாறி, மொத்த வீட்டுக்கும் ஒரே பேண்ட் என்றாகிவிட்டது.

அந்தப் பையன் 2023 ஜனவரி கடைசியில் காலி செய்தான். பிப்ரவரி 1 முதல் மாடி முழுவதையும் நான் எடுத்துக்கொண்டு புது அக்ரிமென்ட் போட்டேன். அன்றிலிருந்து பொறுப்பு என்னுடையது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் 1 வரை நான் தனியாக இருந்தேன். வயது வந்த ஒரே ஒருவர் மட்டும் வசிக்கும் வீட்டுக்கு 25 சதவீதத் தள்ளுபடி உண்டு. அதை யாரும் தானாகத் தர மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். செப்டம்பர் 2 அன்று மனைவி வந்த பிறகு அது போய்விடும், அதோடு வரிக்கு இருவரும் சேர்ந்தே பொறுப்பு.

ஏப்ரலில் கடிதம் எழுதினேன். இரண்டு அக்ரிமென்டின் நகல், ‘பின் அறை வாடகை’ என்று குறிப்போடு நான் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், முன் அறையில் இருந்த பையன் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒரு கடிதம், மனைவி வந்திறங்கிய தேதிக்கான முத்திரை. கிளாஸ் சி என்பதையும் தேதிகளையும் தெளிவாகக் குறிப்பிட்டேன். கவுன்சில் பதில் சொல்ல இரண்டு மாதம் அவகாசம். மறுத்தால் அடுத்த இரண்டு மாதத்துக்குள் இந்த மாதிரி வரித் தகராறுகளை விசாரிக்கும் வேல்யுவேஷன் ட்ரிப்யூனலுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. முறையிட்டிருக்கிறோம் என்பதற்காக வசூல் தானாக நிற்காது என்று பெரியவர் எச்சரித்திருந்தார். அதனால் எனக்குச் சந்தேகமில்லாத தொகையை மட்டும் மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே வந்தேன். இதை நான் செய்தது மிக நல்லதாகப் போயிற்று, ஒரு நினைவூட்டல்கூட வரவில்லை.

ஏழு வாரம் கழித்து, ஜூனில், திருத்திய பில் வந்தது. முதல் 235 நாட்களுக்கான 856 பவுண்டை என் பெயரிலிருந்து எடுத்திருந்தார்கள். தனியாள் தள்ளுபடியும் கணக்கில் ஏறியிருந்தது. 2,466 என்றிருந்தது 1,409 ஆகியிருந்தது. செப்டம்பர் 2-க்குப் பிறகான பகுதியில் என் பெயருக்குக் கீழே மனைவியின் பெயரும் இருந்தது. அவள் அதைப் போனில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். மீதியை வழக்கமான பத்துத் தவணைக்குப் பதில் பன்னிரண்டாகக் கட்டுவதற்கும் சம்மதித்தார்கள்.

அந்த 856 பவுண்டுக்கான பில் அண்ணன் பெயரில் போனது. அவருக்கு என் மேல் கோபம் இருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் கடைப்பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் இரவு கடையைப் பூட்டிவிட்டு அவரே இரும்புப் படியேறி வந்தார், கையில் அந்த பில்லும் ஒரு பை பலாச்சுளையும். ‘தம்பி, நீர்தானே வடிவா எழுதினீர். எனக்கும் ஒரு கடிதம் எழுதித் தாரும், தவணையாக் கட்டுறன் எண்டு.’ மேசையில் உட்கார்ந்து எழுதினோம். எழுதிக்கொண்டிருக்கும்போதே பிப்ரவரிக்குப் பிந்தைய என் பங்கைப் பற்றிப் பேச்சு வந்தது. தன்னுடைய வாட்ஸ்அப் செய்தியை நான் காட்டியபோது அவர் மறுக்கவில்லை. கவுன்சிலுக்கு நான் கட்டத்தான் வேண்டும், ஆனால் அவர் கொடுத்த வாக்கும் வாக்குதான். ஜூலையிலிருந்து ஒரு வருடத்துக்கு வாடகையில் மாதம் 60 பவுண்ட் குறைப்பது என்று முடிவானது. அதை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். அதே நீலப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.